தேர் வடம் முதல் மேம்பாலக் கேபிள் வரை... கயிற்றுக்குக் கணக்கு எழுதிய ஆய்லர் யார்?

கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள், திருவண்ணாமலை மாட வீதியில் நின்று தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது நல்லாவே தெரியும். பெரிய தேர் நிலையை விட்டு நகரும் அந்த முதல் நொடிதான் பெரும்பாடு. ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து இழுப்பார்கள், அரோகரா சத்தம் ராஜகோபுரத்தில் மோதித் திரும்பும், ஆனால் தேர் அசையாது. திடீரென ஒரு குலுங்கல். சக்கரம் உருண்டுவிடும். அதுக்கப்புறம் இழுப்பது அவ்வளவு கஷ்டமில்லை. நிறுத்துவதுதான் கஷ்டம். அதற்காகவே முட்டுக்கட்டையோடு சிலர் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்துவருவார்கள்.

நிற்கும் தேருக்கு ஒரு பலம், நகரும் தேருக்கு வேறு பலம் ஏன் தேவைப்படுகிறது? கிணற்று ராட்டினம் சுத்தாமல் மாட்டிக்கொண்டால் குடம் ஏன் கனக்கிறது? திமிறும் மாட்டின் கயிற்றைத் தூணில் ரெண்டு சுத்து சுத்திவிட்டால் ஒரு சின்னப் பையன்கூட எப்படிப் பிடித்து நிற்க முடிகிறது? மேம்பாலத்துக்குள் இருக்கும் இரும்புக் கேபிளை ஒரு முனையில் இழுத்தால் மறுமுனைக்கு முழு இழுவிசை ஏன் போய்ச் சேர்வதில்லை?

இந்த நாலு கேள்விக்கும் 18-ம் நூற்றாண்டிலேயே கணக்கு போட்டவர் ஒரே ஆள். லியோனார்டு ஆய்லர். அந்தக் கணக்குகளை எழுதியபோது அவருக்கு ஒரு கண்தான் தெரிந்தது.

யார் இந்த ஆய்லர்?

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1707 ஏப்ரல் 15-ல் பிறந்தார். அப்பா பால் ஆய்லர், பாதிரியார். மகனும் பாதிரியார் ஆகணும் என்பது அவர் ஆசை. பையன் 13 வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். அங்கே பேராசிரியராக இருந்தவர் ஜோஹன் பெர்னூலி, அன்றைய ஐரோப்பாவின் பெரிய கணித மேதைகளில் ஒருவர். தனியாகப் பாடம் எடுக்க எனக்கு நேரமில்லை, நீயே புத்தகங்களைப் படி, புரியாத இடம் இருந்தால் மட்டும் சனிக்கிழமை மதியம் வா என்று சொல்லிவிட்டார். வாரம் முழுக்கப் படித்து, கடைசியில் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு சந்தேகங்களோடு மட்டும் ஆய்லர் போய் நிற்பார். சில காலத்தில் பெர்னூலியே அப்பாவிடம் பேசி, பையனைக் கணக்குப் பக்கம் விட்டுவிடச் சம்மதிக்க வைத்தார்.

20 வயதில், கப்பலில் பாய்மரங்களை எங்கே நிறுத்துவது சிறந்தது என்ற கேள்விக்குப் பாரிஸ் அகாடமி வைத்த போட்டியில் கலந்துகொண்டார். சுவிட்சர்லாந்துக்குக் கடலே கிடையாது. கடலில் ஓடும் கப்பலைப் பார்க்காமலேயே எழுதியதற்கு இரண்டாம் இடத்துக்கான பாராட்டு கிடைத்தது. பிற்காலத்தில் அதே அகாடமியின் பரிசை 12 முறை வென்றார்.

1727-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு வேலைக்குப் போனார். 1734-ல் கேத்தரினா என்ற ஓவியரின் மகளைத் திருமணம் செய்துகொண்டார். 13 குழந்தைகள் பிறந்தன, பிழைத்தது 5 பேர். மடியில் ஒரு குழந்தை, காலைச் சுற்றி மற்ற குழந்தைகள் என்று இருக்கும்போதே கணக்கு எழுதுவார் என அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்கு இது கொஞ்சம் பொறாமையாக இருக்கலாம்.

1738-ல் கடும் நோய்க்குப் பிறகு வலது கண் பார்வை போனது. வரைபடங்களை உற்றுப் பார்த்துச் செய்த வேலையே காரணம் என்று அவர் நினைத்தார்.

பள்ளிக்கூடத்தில் நாம் எழுதும் பல கணிதக் குறியீடுகள் இவர் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவை. சார்பைக் குறிக்கும் எழுத்து, கூட்டுத்தொகைக்கான கிரேக்க எழுத்து, அப்புறம் 2.718... என்று முடிவில்லாமல் போகும் ஓர் எண்ணுக்கு 'இ' என்ற ஆங்கில எழுத்து. இந்த 'இ'-யைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றுக்கணக்கில் மறுபடியும் வரும்.

நம்ம ஊர் ராமானுஜனுக்கும் இவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்தபோது முக்கோணவியலையும் இந்த 'இ'-யையும் இணைக்கும் ஒரு சமன்பாட்டை ராமானுஜன் தானாகவே கண்டுபிடித்தார். ஆய்லர் அதை எப்போதோ எழுதிவிட்டார் என்று தெரிந்ததும் வெட்கப்பட்டு, அந்தத் தாள்களை வீட்டுக் கூரையில் செருகி ஒளித்துவைத்தார்.

கிணற்று ராட்டினம் சொல்லித்தந்த பாடம்

திருவண்ணாமலைப் பக்கம் எங்க பாட்டி வீட்டுக் கிணற்றில் ஒரு பழைய இரும்பு ராட்டினம் இருந்தது. எண்ணெய் விடாமல் துரு ஏறி ஒருநாள் மாட்டிக்கொண்டது. சக்கரம் சுத்தவில்லை, கயிறு மட்டும் அதன் மேல் தேய்ந்துகொண்டே வழுக்கியது. தினமும் இறைக்கிற அதே குடம், தூக்கவே முடியவில்லை. ஆனால் பாதியில் களைத்துப்போய்க் கயிற்றைச் சும்மா பிடித்து நின்றால், குடம் லேசாகத் தெரிந்தது. அப்போது புரியவில்லை. தமிழ் இலக்கியம் படித்த எனக்கு இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் புரிந்தது.

நன்றாகச் சுத்தும் ராட்டினத்தில் கயிற்றின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே இழுவிசை இருக்கும். 15 கிலோ குடத்துக்கு 15 கிலோ இழுப்பு போதும். ராட்டினம் மாட்டிக்கொண்டு கயிறு அதன் மேல் வழுக்கும்போது உராய்வு உள்ளே வருகிறது. உராய்வு எப்போதும் நகர்வுக்கு எதிர்ப்பக்கம் நிற்கும். மேலே இழுத்தால் நமக்கு எதிரி, கீழே போகாமல் பிடித்தால் நமக்குத் துணை.

எவ்வளவு? கயிற்றுக்கும் இரும்புக்கும் இடையிலான உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக்கொள்வோம். கயிறு ராட்டினத்தின் மேல் அரைச் சுற்று தொட்டுக்கொண்டு போகிறது. ஆய்லர் கணக்குப்படி இரு பக்க இழுவிசைக்கும் இடையே சுமார் 2.57 மடங்கு வித்தியாசம். அதாவது 15 கிலோ குடத்தைத் தூக்க ஏறக்குறைய 38.5 கிலோ இழுப்பு வேண்டும். அதே குடம் கீழே விழாமல் பிடித்துக்கொள்ள 6 கிலோகூடத் தேவையில்லை.

சரி, இதில் 'இ' எங்கே வருகிறது?

வட்டிக்கு வட்டி தெரியும்தானே? அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் கடன் மெதுவாக ஏறும். வட்டிக்கும் வட்டி போட ஆரம்பித்தால் கடன் பாய்ந்து ஏறும். தூணைச் சுற்றிய கயிறும் அப்படித்தான். சுற்றின் ஒவ்வொரு சின்னத் துண்டிலும் கயிறு தூணை அழுத்துகிறது. அந்த அழுத்தம் அங்கே இருக்கும் இழுவிசையைப் பொறுத்தது. அழுத்தத்தைப் பொறுத்து உராய்வு, உராய்வால் அடுத்த துண்டில் இழுவிசை கூடுகிறது. கூடின இழுவிசையால் அடுத்த அழுத்தமும் கூடுகிறது. வட்டிக்கு வட்டி. இப்படி நொடிக்கு நொடி பெருகும் எதைக் கணக்கிட்டாலும் கடைசியில் வந்து நிற்கும் எண்தான் 'இ'. அதை, உராய்வுக் குணகமும் சுற்றிய கோணமும் பெருக்கி வரும் அடுக்குக்கு உயர்த்தினால் விடை கிடைக்கும்.

அதே 0.3 குணகத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றினால் 6.6 மடங்கு. இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு. மூன்று சுற்றுக்கு 285 மடங்குக்கு மேல். 10 கிலோ இழுப்பால் இரண்டே முக்கால் டன்னுக்கும் அதிகமான இழுவிசையை வழுக்காமல் நிறுத்திவைக்கலாம். துறைமுகத்தில் கப்பலைக் கட்டுபவர்கள் தடித்த இரும்புத் தூணில் வடத்தை நாலைந்து சுத்து போட்டுவிட்டு ஒரு கையால் பிடித்திருப்பதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அதில் மாயம் இல்லை, சுற்றுகளின் எண்ணிக்கைதான்.

இந்தக் கணக்கில் எனக்கு நம்பவே கஷ்டமாக இருந்தது வேறொன்று. தூண் எவ்வளவு பருமன் என்பது சமன்பாட்டில் வருவதே இல்லை! கோயில் தூணானாலும் சரி, மூங்கில் கழியானாலும் சரி, உராய்வுக் குணகமும் சுற்றும் ஒன்றாக இருந்தால் மடங்கும் ஒன்றுதான். பெரிய தூணில் கயிறு தொடும் நீளம் அதிகம், ஆனால் ஒவ்வோர் இடத்திலும் அழுத்தம் அதே அளவுக்குக் குறைவு. ரெண்டும் சரியாகக் கழிந்துபோகிறது. (ரொம்ப மெல்லிய கழி என்றால் தடித்த கயிறு ஒழுங்காக வளையாது, அது வேறு பிரச்னை.)

ராஜா கேலி செய்த கதை

உராய்வு பற்றிய இந்த வேலைகள் எல்லாம் ஆய்லர் பெர்லினில் இருந்த காலத்தவை. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் அழைப்பில் 1741-ல் அங்கே போய், 25 வருடம் இருந்தார். 1750-ல் வெளியான ஆய்வில், ஒரு பொருளை நகரத் தொடங்க வைப்பதற்கான உராய்வும், நகர்ந்துகொண்டிருக்கும்போது உள்ள உராய்வும் ஒன்றல்ல, முதலாவதுதான் அதிகம் என்று பிரித்துக் காட்டினார். சாய்தளத்தில் ஒரு பொருளை வைத்துச் சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால், அது நகர ஆரம்பித்த உடனே எதிர்பார்த்ததைவிட வேகமாக ஓடுவதை வைத்து யோசித்தார். நம்ம தேரின் அந்த முதல் குலுங்கல் நினைவுக்கு வருகிறதா? உருளும் சக்கரத்தில் வேறு சில தடைகளும் சேரும் என்றாலும், அச்சில் உரசும் இடத்தில் நடப்பது இதேதான். வடத்துக்கு அதிகச் சுமை விழுவதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். 2024 ஜூனில் நெல்லையப்பர் கோயில் தேரோட்டத்தில் வடங்கள் அடுத்தடுத்து அறுந்தது தமிழ்நாடு முழுக்கச் செய்தியானது நினைவிருக்கலாம்.

ஆனால் பெர்லினில் ஆய்லருக்கு மரியாதை கிடைத்ததா என்றால், அது சந்தேகம்தான். பிரெடெரிக்குக்குப் பிடித்தது பிரெஞ்சு தத்துவம், கவிதை, சாதுர்யமான பேச்சு. வால்டேர் மாதிரி ஆட்கள் சபையில் ஜொலித்தார்கள். ஆய்லர் பக்தியான, எளிமையான, கூச்ச சுபாவமுள்ள குடும்பஸ்தர். ஒற்றைக் கண் ராட்சதனின் பெயரை வைத்து மன்னர் அவரைக் கேலி செய்தார். உடல் குறையைக் கிண்டல் செய்வது அன்றைக்கு அரசவை நாகரிகமாக இருந்திருக்கிறது.

அதைவிட மோசமானது நீரூற்று விவகாரம். போட்ஸ்டாமில் தன்னுடைய சான்சூசி அரண்மனைத் தோட்டத்தில் உயரமாகப் பீறிடும் நீரூற்று வேண்டும் என்று மன்னர் ஆசைப்பட்டார். ஆற்று நீரைப் பம்பு வைத்து அருகிலுள்ள குன்றின் மேல் இருந்த குளத்துக்கு ஏற்றி, அங்கிருந்து கீழே விடுவது திட்டம். செலவைக் குறைக்க மரத்தைக் குடைந்து குழாய் செய்தார்கள். குழாய்கள் வெடித்தன. 1749-ல் ஆய்லரிடம் கேட்டார்கள். நீரை மேலே தள்ளும்போது குழாய்க்குள் அழுத்தம் எவ்வளவு வரும் என்று கணக்கிட்டு, இந்தக் குழாய்கள் தாங்காது என மன்னருக்கே எழுதினார். யாரும் கேட்கவில்லை. பல வருடம் பணம் கொட்டியும் மன்னர் உயிரோடு இருந்தவரை நீரூற்று சரியாக இயங்கவில்லை.

கடைசியில் பழி யார் மேல்? ஆய்லர் ஊரை விட்டுப் போய்ப் பல வருடம் கழித்து, ஒரு கடிதத்தில் பிரெடெரிக் அவருடைய கணக்கைக் காரணம் காட்டி, கணிதமே வீண் என்கிற தொனியில் எழுதினார். ஏட்டுக் கணக்கு நடைமுறைக்கு உதவாது என்பதற்கு உதாரணமாக இந்தக் கதை 200 வருடத்துக்கு மேல் சொல்லப்பட்டது. ஆய்லரின் கடிதத்தையும் கணக்கையும் ஆராய்ந்த வரலாற்று ஆய்வாளர்கள் அதன் பிறகுதான், எச்சரித்தவரே அவர்தான் என்று எடுத்துக்காட்டினார்கள். சைட்டில் இன்ஜினீயர் ஒன்று சொல்ல, செலவு பார்த்து மேலிடம் இன்னொன்று செய்ய, கடைசியில் கோளாறுக்கு இன்ஜினீயரையே கைகாட்டுவது... இது ரொம்பப் பழைய பழக்கம் போல.

மேம்பாலத்துக்குள் ஆய்லர்

கயிற்றுக் கணக்கு அப்படி வீணாகவில்லை. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐடல்வைன் என்ற ஜெர்மன் பொறியாளர் அதைப் பொறியாளர்கள் கையாளும் நூலில் சேர்த்தார். இன்றைக்கு ஆய்லர்-ஐடல்வைன் சூத்திரம் என்றே பாடப்புத்தகங்களில் இருக்கிறது.

அது இன்று அதிகம் வேலை செய்யும் இடம் நாம் தினமும் கடந்து போகும் மேம்பாலங்கள். பல மேம்பால கர்டர்கள் ப்ரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட்டால் ஆனவை. கர்டருக்குள் வளைவான குழாய் ஒன்றைப் பதித்துவிடுவார்கள். தூண்களுக்கு மேல் உயர்ந்தும், நடுவில் தாழ்ந்தும் அந்தக் குழாய் போகும். கான்கிரீட் இறுகியபின் அதற்குள் இரும்புக் கம்பிக் கேபிளை நுழைத்து, ஹைட்ராலிக் ஜாக் வைத்து இழுத்துப் பூட்டுவார்கள். இழுபட்ட கேபிள் கான்கிரீட்டை இறுக்கிப் பிடிக்கிறது. லாரி ஏறும்போது அடிப்பக்கம் விரிசல் விடாமல் இருப்பது இந்த இறுக்கத்தால்தான்.

இங்கேதான் சிக்கல். கேபிள் வளைந்து போகும் ஒவ்வோர் இடத்திலும் குழாய்ச் சுவரை அழுத்தி உரசிக்கொண்டே வழுக்குகிறது. எங்க பாட்டி வீட்டு ராட்டினம் மாதிரியே. வழிநெடுக மொத்தமாக 29 டிகிரி வளைகிறது, உராய்வுக் குணகம் 0.25 என்று வைத்துக்கொண்டால், இந்த முனையில் 100 டன் இழுத்தால் அந்த முனைக்குப் போய்ச் சேர்வது சுமார் 88 டன்தான். 12 டன் வழியிலேயே காலி. குழாய் சரியாக நேர்கோட்டில் பதியாமல் அங்கங்கே நெளிந்திருந்தால் இன்னும் குறையும். அதற்கும் சூத்திரத்தில் ஒரு உறுப்பு தனியாகச் சேர்க்கிறார்கள். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 1343 விதித்தொகுப்பில் இந்த இழப்பைக் கணக்கிடத் தந்திருக்கும் சூத்திரத்தில் அதே 'இ' இருக்கிறது.

இரு பக்கமும் ஒரே இழுவிசை என்று நினைத்துக் கணக்கு போட்டால், காகிதத்தில் பாலம் பத்திரமாக இருக்கும். நிஜத்தில் கேபிளின் தொலைவுப் பகுதி தளர்ந்திருக்கும். அதனால்தான் நீளமான கேபிள்களை இரண்டு முனைகளிலிருந்தும் இழுக்கிறார்கள். இழுக்கும்போது கேபிள் எத்தனை மில்லிமீட்டர் நீள்கிறது என்று அளந்து, கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைவாக நீண்டால் உள்ளே எங்கோ உராய்வு அதிகம் என்று அர்த்தம். வேலையை நிறுத்திப் பார்க்க வேண்டிய சமிக்ஞை அது.

உராய்வு வேண்டாத இடத்தில் சக்கரத்தை வைத்துவிடுவார்கள். 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே மேலே உயர்கிறது. அதைத் தாங்கும் கேபிள்கள் கோபுர உச்சியில் உள்ள பெரிய சக்கரங்கள் மேல் ஏறி, மறுபக்கம் எதிர் எடைகளோடு இணைகின்றன. சக்கரம் சுத்துவதால் கேபிள் அதன் மேல் வழுக்க வேண்டியதில்லை. அந்தச் சக்கரம் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பது, துரு ஏறிய ராட்டினத்தில் தண்ணீர் இறைத்த எல்லோருக்கும் தெரியும்.

பார்வை முழுசாகப் போனபின்...

1766-ல் பெர்லினில் மனம் கசந்து ஆய்லர் ரஷ்யாவுக்கே திரும்பினார். ராணி இரண்டாம் கேத்தரின் வீடும் சம்பளமும் தந்து வரவேற்றார். போன கொஞ்ச நாளிலேயே இடது கண்ணிலும் புரை. 1771-ல் அறுவை சிகிச்சை நடந்து சில நாள் பார்வை திரும்பியது, பிறகு சீழ் பிடித்து நிரந்தரமாகப் போனது. அதே வருடம் பீட்டர்ஸ்பர்க் தீ விபத்தில் வீடு எரிந்தது. பீட்டர் கிரிம் என்ற பாசல்காரக் கைவினைஞர் உள்ளே புகுந்து, கண் தெரியாத ஆய்லரைத் தோளில் தூக்கி வெளியே கொண்டுவந்தார். கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பகுதியும் தப்பியது. 1773-ல் மனைவி கேத்தரினா இறந்தார்.

ஒரு மனிதர் எழுதுவதை நிறுத்த இத்தனை காரணம் போதும். ஆனால் அவர் எழுதியவற்றில் ஏறக்குறைய பாதி, பார்வை போன பிறகு வந்தவை. ஒரு பெரிய பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் பெரிதாக எழுதுவார், அல்லது வாயால் சொல்லச் சொல்ல மகன்களும் மாணவர்களும் எழுதிக்கொள்வார்கள். 1772-ல் வெளியான நிலவின் இயக்கம் பற்றிய 700 பக்கத்துக்கும் மேற்பட்ட நூலுக்கான கணக்குகளை இப்படித்தான் மனதிலேயே போட்டு முடித்தார். லத்தீன் காவியமான ஏனீட் முழுவதும் அவருக்கு மனப்பாடம். தன் பிரதியில் எந்தப் பக்கம் எந்த வரியில் தொடங்கி எந்த வரியில் முடிகிறது என்பதும் தெரியும். நம்ம ஊரில் சதாவதானி செய்குத்தம்பி பாவலர் மேடையில் நூறு விஷயங்களை ஒரே நேரத்தில் நினைவில் வைத்துச் சொன்னார் என்று படித்திருக்கிறோம் அல்லவா, அந்த ரகம்.

1783 செப்டம்பர் 18. வயது 76. காலையில் பேரப்பிள்ளைக்குக் கணக்குப் பாடம். அந்த வருடம்தான் பிரான்சில் வெப்பக்காற்று பலூன் பறந்திருந்தது. பலூன் எப்படி மேலேறும் என்று பலகையில் கணக்கு போட்டார். மதியம், இரண்டு வருடம் முன்பு கண்டுபிடிக்கப்பட்டிருந்த யுரேனஸ் கோளின் பாதையைப் பற்றிச் சக விஞ்ஞானி லெக்செலோடு பேசினார். மாலையில் தேநீர் குடித்துக்கொண்டு பேரனோடு விளையாடும்போது, புகைத்துக்கொண்டிருந்த குழாய் கையிலிருந்து நழுவியது. மூளையில் ரத்தக்கசிவு. இரவுக்குள் உயிர் பிரிந்தது.

எழுதி வைத்துவிட்டுப் போனவற்றைப் பீட்டர்ஸ்பர்க் அகாடமி அவர் இறந்தபின் சுமார் 50 ஆண்டுகள் வெளியிட்டுக்கொண்டே இருந்தது. 1911-ல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய அவருடைய முழுத் தொகுப்பு 70 தொகுதிகளைத் தாண்டிவிட்டது. நாம் கிணற்றடியில் பார்த்த கயிறு அதில் எங்கோ ஒரு சில பக்கம்தான்.